மூன்றாம் கிளைத் தூண்

சியோக் ஹுவா அந்தத் தூணைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். கேட்காமல் இருந்திருந்தாலும் அவளுக்குத்தான் வந்திருக்கும். லாவ் என்ற சீனக் குலத்தின் கோயில் நடுக்கூடத்தில் நான்கு மரத்தூண்கள் இருந்தன. குலத்தின் நான்கு கிளைகளும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தவை. மற்ற மூன்று தூண்களுக்கும் அந்தந்தக் கிளைப் பெண்கள் கூட்டமாக வந்து, சாரத்தில் கால்களைத் தொங்கப்போட்டுக் கதை பேசிக்கொண்டே பழைய பூச்சைச் சுரண்டினார்கள். வலப்பக்கம் பின்னால் நின்ற மூன்றாம் கிளைத் தூணுக்கு அவளை விட்டால் ஆள் கிடையாது. மூன்றாம் கிளைக்கே அவளை விட்டால் ஆள் கிடையாது.

ஆறு கடலில் சேரும் மீனவ ஊரான கோலா தெர்பாவில் மழை ஓய்ந்த பிறகு வேலை தொடங்கியிருந்தது. கூரை ஓடுகளை இறக்கியாகிவிட்டது. எதைச் செய்தாலும் பழைய முறையிலேயே செய்வது என்று குலத்தார் கூடி முடிவெடுத்திருந்தார்கள். சிமென்ட் உள்ளே வரக் கூடாது. டின் பெயின்ட் வரக் கூடாது. கிளிஞ்சல் சுண்ணாம்பைக் குழியில் ஊறப்போட்டு, பசையரிசிக் கஞ்சியும் வெல்லமும் வைக்கோல் நாரும் சேர்த்து, கை ஓயும்வரை இடித்துத்தான் சுவருக்குப் பூச்சு. காலையில் அந்தக் கஞ்சியைக் காய்ச்சிக் கொடுப்பது சியோக் ஹுவாவின் வேலை. அது முடிந்ததும் தூணுக்கு வருவாள்.

தூணின் மேல் யாரோ எப்போதோ அடித்த சிவப்பு பெயின்ட் தடித்துப்போய்க் கிடந்தது. அதன் கீழே அரக்கு. அரக்குக்கும் கீழே எண்ணெயும் சுண்ணாம்பும் செங்கல் பொடியும் குழைத்துப் பூசி, சணல் துணி சுற்றி இறுக்கிய ஒரு கெட்டித் தோல். கோயில் எழும்பிய நாளிலிருந்து அந்த மரம் வெளிச்சத்தையே பார்த்ததில்லை. சுரண்டியால் துணியின் ஓரத்தை நெம்பி இழுத்தபோது, காய்ந்த ரொட்டியின் மேல்தோல் மாதிரி ஒரு பெரிய துண்டு பெயர்ந்து விழுந்தது. உள்ளே தேன் நிறத்தில், செங்கால் என்னும் அந்த நாட்டுக் கெட்டி மரம். நடுவில் ஒரு கணு.

அவள் அதைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். பிறகு தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

மரத்தில் கிளை மேல்நோக்கித்தான் கிளம்பும். அறுத்து, இழைத்து, எத்தனை வழவழப்பாக உருட்டி வைத்தாலும், கிளை கிளம்பிய இடத்தில் மரத்தின் ரேகைகள் அதை வானத்துப் பக்கமாகத்தான் ஏந்தி நிற்கும். இந்தக் கணுவின் ரேகைகளோ தரையைப் பார்த்தன. இன்னும் கொஞ்சம் மேலே ஏறிச் சுரண்டினாள். அங்கே இன்னொரு கணு. அதுவும் தரையைத்தான் பார்த்தது.

சியோக் ஹுவாவின் அப்பா ஆற்றங்கரையில் கரிச்சூளை வைத்திருந்தவர். படகில் வந்து இறங்கும் பக்காவ் என்ற சதுப்புநில மரக் கட்டைகளைச் சூளைக்குள் செங்குத்தாக அடுக்கத் தூக்கிக் கொடுத்தே வளர்ந்தவள் அவள். ஒரு கட்டையின் வேர்முனை எது, நுனிமுனை எது என்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே தெரியும்.

தூண் தலைகீழாக நின்றது. வேர்முனை கூரையில், நுனி தரையில்.

மரம் காட்டில் எப்படி நின்றதோ அப்படித்தான் வீட்டிலும் நிற்க வேண்டும். கவிழ்த்து நட்டால், யார் பெயரில் நட்டதோ அவர்கள் வம்சம் மண்ணுக்குள் போகும். இதை அந்த ஊரில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அவள் சாரத்துப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். மனத்தில் எழுந்த முதல் நினைப்பு, ‘அப்படியென்றால் நான் இல்லை.’

மூன்றாம் கிளையில் மூன்று ஆண்மக்கள் இருந்தார்கள். மூத்தவன் ஈரல் கெட்டுச் செத்தான். நடுவிலவன் எங் கியாட், அவள் புருஷன். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் கடலுக்குப் போனவனை மூன்றாம் நாள் பக்காவ் வேர்களுக்கிடையிலிருந்து எடுத்து வந்தார்கள். கடைசித் தம்பி மோட்டார் சைக்கிளில் போய் மர லாரியின் பின்னால் மோதினான். எங் கியாட்டைக் கிடத்தியிருந்தபோது மாமியார் எழுந்து வந்து, எல்லோர் முன்னாலும் அவளைக் கைகாட்டிச் சொன்னாள்: “இவ தின்னுட்டா. இவ ஜாதகம் கெட்டி. என் பிள்ளைங்களத் தின்னுட்டா.”

மூத்தவன் செத்தது அவள் அந்த வீட்டுக்குள் வருவதற்கு முன்னால். அதற்கும் ஊர் ஒரு பதில் வைத்திருந்தது: பெண் பார்த்து முடிவுசெய்த மாதமாம் அது.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு முகம் எழுதப்பட்டுவிட்டது. கல்யாண வீடுகளில் மணப்பெண் அறைப்பக்கம் அவள் போக மாட்டாள். குல விருந்தில் கடைசி மேஜை. கோயிலுக்குள் முன்னோர் பெயர் எழுதிய பலகைகளுக்கு மற்றவர்கள் ஊதுபத்தி ஏற்றும்போது அவள் வாசற்படிக்கு வெளியே நின்று ஏற்றுவாள். யாரும் நில் என்று சொல்லவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை.

இப்போது பலகைகள் எல்லாம் பக்கத்துத் தகரக் கொட்டகையில் இருந்தன; கூடம் வெறும் வேலையிடம், அதனால் அவளும் உள்ளே வர முடிந்தது. வேலை முடிந்ததும் நல்ல நாள் பார்த்து, ஒவ்வொரு கிளைக்கும் ஒருவர் தங்கள் பலகையைக் கையில் ஏந்தி, வாசற்படி தாண்டி உள்ளே கொண்டுபோய் வைக்க வேண்டும். எங் கியாட்டின் பெயர் எழுதிய பலகையைத் தன் கையால் ஏந்த வேண்டும். அவளுக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை ஒன்றும் மீதி இல்லை. குலத் தலைவர் பூன் தெக்கிடம் போய்க் கேட்டும் பார்த்தாள். “என் ரெண்டாவது பையன் தூக்குவான். உனக்கு எதுக்கு அந்தச் சிரமம்?” என்றார் அவர். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் அவருக்கு இல்லை. ‘கியாட் பொண்டாட்டி’தான்.

“என்ன ஆ சோ, தூணோட பேசிக்கிட்டிருக்கியா?” கீழேயிருந்து ஆய் கியோக் கூப்பிட்டாள். நான்காம் கிளை மருமகள், வாய் ஓயாதவள். அண்ணன் மனைவியை அழைக்கிற மாதிரி ‘ஆ சோ’ என்று சியோக் ஹுவாவை அழைப்பவர்களில் ஒருத்தி. “எறங்கி வா, சோறு ஆறுது. சுவத்துக்கு மட்டும் நல்ல கஞ்சி. நமக்கு நேத்து மீனு.”

“நீ தின்னு. எனக்குப் பசிக்கல.”

“பசிக்கலையா? கேட்டியாடி, சுண்ணாம்புக் கஞ்சியத் திருட்டுத்தனமாக் குடிச்சிருக்கா. வயித்துக்குள்ள செவுரு எழும்பப் போகுது!”

பெண்கள் சிரித்தார்கள். சியோக் ஹுவா பெயர்ந்த சணல் துண்டை எடுத்துக் கணுவின் மேல் வைத்துக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு ஓயும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் காற்றுக்கு ஆற்றோரம் போனதும், அவள் தலைமைத் தச்சரைத் தேடிப் போனாள். சுவா வெளியூர்க்காரர், ஒல்லியாக, எப்போதும் காதில் ஒரு பென்சில் செருகியிருப்பார். ஊர் முழுக்க அவரை ‘சாய்ஹூ’ என்றது, கைத்தொழில் தெரிந்தவர்களைச் சொல்லும் மரியாதையில். அவருடைய கொள்ளுத்தாத்தாதான் கப்பலில் வந்து இந்தக் கோயிலைக் கட்டியவர். அதனால்தான் பழுது பார்க்கவும் அவரை அழைத்திருந்தார்கள்.

“சாய்ஹூ, ஒண்ணு காட்டணும்.”

அவர் சாரத்தில் ஏறினார். பார்த்தார். கட்டைவிரலால் கணுவைத் தடவினார். காதிலிருந்த பென்சிலை எடுத்தார், ஒன்றும் எழுதாமல் திரும்பச் செருகிக்கொண்டார்.

“நீதான் மொதல்ல பாத்ததா, ஆ சோ?”

“நான் மட்டுந்தான்.”

“இது எங்க கொள்ளுத்தாத்தா கை.” குரல் அடங்கியிருந்தது. “அவசரத்துல தப்பினாரோ, கூலியில மனத்தாங்கலோ, எனக்குத் தெரியாது. ஆனா எவனும் தப்பினாருன்னு சொல்ல மாட்டான். வஞ்சம் வெச்சான்னுதான் சொல்வான். தச்சன் கவுத்து வெச்ச தூணுன்னா அதுக்கு வேற அர்த்தமே கிடையாது.”

அவள் கணுவில் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்தாள்.

“நாளைக்குப் புதுத் துணி சுத்தி, பூசி மூடிடலாம். இன்னொரு நூறு வருஷத்துக்கு யாரும் பாக்க மாட்டாங்க.” அவர் அவள் முகத்தைப் பார்த்தார். “ஆனா ஒன்னப்பத்தி இந்த ஊர்ல என்ன பேசறாங்கன்னு எனக்குத் தெரியும். நான் மூடுன்னு கேக்க மாட்டேன். நீ சொல்லு. நீ சொல்றபடி செய்யறேன்.”

அவர் கெஞ்சியிருந்தால் அவளுக்குக் கோபம் வந்திருக்கும், அது சுலபமாக இருந்திருக்கும். இந்த ஊரில் அவள் கையால் தேநீர் ஊற்றிக் கொடுத்தால் யோசிக்காமல் வாங்கிக் குடிக்கிற ஆள் அவர். ஆனால் எத்தனை வருஷம்! வாசற்படிக்கு வெளியே நின்று நின்று அந்தக் கல்லில் எந்த இடத்தில் பள்ளம், எந்த இடத்தில் பாசி என்பதுகூட அவள் பாதத்துக்கு மனப்பாடம்.

“தலைவரக் கூப்பிடுங்க,” என்றாள்.

பூன் தெக் கைத்தடியோடு வந்தார், பின்னால் இன்னும் நாலைந்து பெரியவர்கள், அவர்களுக்குப் பின்னால் ஆற்றோரம் போன பெண்கள் எல்லோரும். சுவாவே விஷயத்தைச் சொன்னார், மறைக்காமல், கொள்ளுத்தாத்தா பெயரையும் சேர்த்து. வயதானவர் சாரத்தில் ஏற முடியாமல் கீழிருந்தே அண்ணாந்து பார்த்தார். அவருடைய வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது.

“அப்போ... கியாட் பொண்டாட்டி, அப்போ நீ இல்ல!”

அவர் முகத்தில் அவள் அதற்கு முன் பார்த்திராத ஒரு நிம்மதி. சுற்றி நின்றவர்களும் மூச்சு விட்டார்கள். ஆய் கியோக் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “நான் அப்பவே நெனச்சேன்,” என்றாள் யாரோ ஒருத்தி. அவள் அப்போது பிறந்தே இருக்கவில்லை.

“வாசல்ல செகப்புத் துணி கட்டிடுவோம்,” என்றார் பூன் தெக். தவறாகப் பழி சுமத்திய வீட்டு நிலையில் சிவப்புத் துணி கட்டி, ஊரறியப் பெயரைத் திருப்பிக் கொடுப்பது அவர்கள் வழக்கம். “நாளைக்கே கட்டறோம். பலகையையும் நீயே தூக்கு. யாரு வேணாங்கறா?”

கேட்டது எல்லாம் ஒரே மூச்சில் கிடைத்துவிட்டது. அதற்குள் பெரியவர் சுவாவின் பக்கம் திரும்பிக் கைத்தடியை நீட்டினார்.

“ஒன் வீட்டு ஆளு! எங்க சோத்தத் தின்னுட்டு, எங்க மூணாங் கிளையத் தின்னுட்டான்! ஜாக்கி வெச்சுக் கூரையத் தூக்கு, தூண நிமித்து. அப்புறம் ஒன் ஆளுங்களக் கூட்டிக்கிட்டுக் கெளம்பு. பலகை உள்ள போற அன்னைக்கு ஒன் நெழலு இந்தக் கோயில்ல விழக் கூடாது.”

சுவா இரண்டு கைகளும் பக்கத்தில் தொங்க, தரையைப் பார்த்து நின்றார்.

சியோக் ஹுவா அந்தக் கைகளையே பார்த்தாள். எங் கியாட்டின் பக்கத்தில் அன்று அவள் நின்றது அப்படித்தான். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல். கண்ணெதிரே அவளுடைய முகத்தைக் கழற்றி இன்னொருவருக்கு மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். மாட்டுகிறவர்களுக்கு அது யார் முகமானாலும் ஒன்றுதான்.

“தூண் தின்னல, ஆ பெக்,” என்றாள், வயதில் பெரியவரை அழைக்கும் முறையில்.

யாருக்கும் உடனே புரியவில்லை. அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. பெரியவர்கள் முன்னால் அவள் அந்தக் கூடத்துக்குள் வாய் திறந்து பேசியதே கிடையாது.

“மத்த மூணு தூணையும் பாருங்க. அடியெல்லாம் கறையான் தின்னு, அறுத்து ஒட்டுப் போட்டிருக்கு. இது ஒண்ணுலதான் ஒரு பொத்தல் இல்ல. இத்தன வருஷம் ஒங்க கூரைய இதுதான் தாங்குச்சு. எங்கப்பா சூளைல கட்டைய எல்லாம் தடிச்ச முனை மேல வெச்சு, கவுத்துத்தான் அடுக்குவாரு. ஒரு மாசத்துல ஒரு காட்டையே கவுத்து வெச்சவரு. எண்பது வயசு வரைக்கும் எங்களோட சண்ட போட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு.”

“அது கரி. இது கோயிலு.”

“சரி. பெரிய மச்சான் குடிச்சாரு. எங்க குடிச்சாரு, யாரோட குடிச்சாருன்னு நான் சொல்லணுமா, ஆ பெக்?”

பின்னாலிருந்து யாரோ ‘க்ளுக்’கென்று சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்கள். பூன் தெக்கின் காது சிவந்தது.

“சின்னவன் வண்டியில லைட்டு எரியல. எரியலன்னு ஊருக்கே தெரியும், மாத்தச் சொல்லி யாரும் சொல்லல. எங் கியாட்...” அவள் நிறுத்தினாள். “மேகம் கறுத்திருந்துச்சு. மத்த படகெல்லாம் கட்டியிருந்ததால அன்னைக்கு மீனுக்கு நல்ல வெல. போவாதேன்னு சொன்னேன். போனாரு. அவ்வளவுதான். அவர யாரும் தின்னல.”

திறந்த கூரை வழியாக வெயில் நேராக விழுந்தது.

பூன் தெக் மெதுவாக, கிட்டத்தட்டக் கெஞ்சுகிற மாதிரி சொன்னார்: “யோசிச்சுப் பேசு. தூணு இல்லன்னா, பழையபடி எல்லாரும் ஒன்னத்தான் பாப்பாங்க. நான் துணி கட்ட முடியாது.”

“தெரியும்.”

“ஏதோ ஒண்ணு இருக்கணும்மா. மூணு பசங்க.”

“அவங்களையே கேளுங்க,” என்றாள் அவள். கொட்டகைப் பக்கம் கைகாட்டினாள்.

அதை அவரால் மறுக்க முடியவில்லை. முன்னோரிடம் கேட்பதற்கு வழி இருக்கிறது. அதை மறுத்தால் தலைவராக இருப்பதில் அர்த்தம் இல்லை. எல்லோரும் கொட்டகைக்குப் போனார்கள். சியோக் ஹுவா வழக்கம்போல வெளியே நின்றாள். சுவா அவளுக்கும் பின்னால், இன்னும் தள்ளி நின்றார்.

பூன் தெக் ஊதுபத்தி ஏற்றி, மண்டியிட்டு, குறி கேட்கும் இரண்டு பிறைவடிவக் கட்டைகளையும் உள்ளங்கைகளில் சேர்த்துப் பிடித்தார். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. ஒன்று தட்டையாகவும் ஒன்று உருண்டையாகவும் விழுந்தால் ஆமாம். இரண்டும் கவிழ்ந்தால் இல்லை. இரண்டும் தட்டைப் பக்கத்தைக் காட்டி மல்லாந்தால் முன்னோர் சிரிக்கிறார்கள், கேள்வி சரியில்லை.

“எங்க மூணாங் கிளை அழிஞ்சது தூணாலயா?” என்று கேட்டுப் போட்டார்.

கட்டைகள் உருண்டு, இரண்டும் மல்லாந்தன.

“சிரிக்கிறாங்க,” என்று ஆய் கியோக் கிசுகிசுத்தாள்.

பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஆனாலும் எல்லோருக்கும் கேட்கும்படி, “கியாட் பொண்டாட்டியாலயா?” என்று கேட்டுப் போட்டார்.

சியோக் ஹுவா கண்ணை மூடிக்கொண்டாள். மரம் கல்லில் விழும் சத்தம். ஒரு கட்டை நின்ற இடத்திலேயே சுழன்று சுழன்று ஆடும் சத்தம். பிறகு அதுவும் ஓய்ந்தது.

அவள் கண்ணைத் திறந்தபோது, இரண்டு கட்டைகளும் மல்லாந்து, வெளுத்த வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன.

பூன் தெக் மூன்றாவது முறை கட்டைகளைக் கையில் எடுத்தார். கேட்க ஒன்று மீதி இருந்தது. அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருவராலும் இல்லையா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. வெகுநேரம் மண்டியிட்டபடியே இருந்தவர், கட்டைகளைத் தட்டில் வைத்துவிட்டு, கைத்தடியை ஊன்றி எழுந்து வெளியே வந்தார். சுவாவைக் கடக்கும்போது நின்றார்.

“மூடிடு,” என்றார். “துணிய நல்லா இறுக்கிச் சுத்து.”

“நிமித்த வேணாமா, ஆ பெக்?”

“நல்லாயிருக்கற மரத்த எதுக்குக் கிண்டணும்?”

சியோக் ஹுவாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை.

அதற்குப் பிறகு வேலை வழக்கம்போல நடந்தது. அவள் கஞ்சி காய்ச்சினாள். சுவா எண்ணெயும் சுண்ணாம்பும் குழைத்து, புதுச் சணல் துணியை மூன்றாம் கிளைத் தூணில் ஒரு சுருக்கமும் இல்லாமல் சுற்றினார். காயக் காயத் தேய்த்து, மேலே மேலே பூசி, கடைசியில் அரக்கைப் பூசினார். நான்கு தூண்களும் ஒரே சிவப்பாகின. சிவப்புத் துணியைப் பற்றியும் பலகையைப் பற்றியும் யாரும் பேச்செடுக்கவில்லை. கைக்கு வந்ததைத் தானே தட்டிவிட்டோம் என்று சில நாட்கள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சில நாட்கள் இறங்கியது. பெண்களில் ஒருத்தி, “என்ன திமிரு பாரு, துணி கட்டறேன்னா வேணாங்கறா,” என்று அவள் காதுபடவே சொன்னாள். தேநீர் ஊற்றினால் வாங்கிக் குடிக்கும் சுவா, இப்போது கோப்பையை இரண்டு கைகளாலும் வாங்கினார். அது ஒன்றுதான் மாறியிருந்தது.

பலகைகள் திரும்பும் நாள் காலையில், வீட்டுக்கு வெளியே ஏதோ உராயும் சத்தம் கேட்டு அவள் கதவைத் திறந்தாள். பூன் தெக் ஒரு மர ஸ்டூலின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். தனியாக. தோளில் சிவப்புத் துணி, வாயில் இரண்டு ஆணி. ஒரு கை நிலையைப் பிடித்திருந்தது, இன்னொரு கை துணியின் முனையோடு மேலே எட்டாமல் தவித்தது.

“ஆ பெக்! விழுந்துடுவீங்க!”

“விழாம இருக்கணும்னா பிடி,” என்றார் ஆணிகளுக்கிடையில்.

“இது எதுக்கு? தூணும் இல்ல, நானும் இல்லன்னா...”

“எதுக்குன்னு கேக்காத. ஸ்டூலப் பிடி, சியோக் ஹுவா.”

அவள் ஸ்டூலைப் பிடித்தாள். அவருடைய கால்கள் நடுங்கின. ஒரு ஆணி கோணலாக இறங்கியது. துணி ஒரு பக்கம் தாழ்ந்து தொங்கியது. அவர் இறங்கி, தள்ளி நின்று பார்த்து, “கோணல்தான், கெடக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். திருப்பத்தில் நின்று, திரும்பாமலே சத்தமாகச் சொன்னார்: “மேளம் ஆரம்பிக்கறதுக்கு முன்னால வா. நீ வரலன்னா மூணாங் கிளைய யாரு தூக்கறது?”

கொட்டகையிலிருந்து கோயிலுக்குப் பத்தடி கூட இருக்காது. முதல் கிளை போயிற்று, இரண்டாம் கிளை போயிற்று. சியோக் ஹுவா பலகையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். அது அவள் நினைத்திருந்ததைவிட லேசாக இருந்தது. வாசற்படிக்கு முன்னால் வந்ததும் அவள் பாதம் தானாக நின்றுவிட்டது, அந்தப் பள்ளமான இடத்தில், அந்தப் பாசியில். பின்னால் நான்காம் கிளையார் காத்து நின்றார்கள். ஆய் கியோக், “போ ஆ சோ, எங்களுக்குக் கை வலிக்குது,” என்றாள்.

அவள் காலைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

கூடம் முழுக்கப் புது அரக்கின் வாசனை. வலப்பக்கம் பின்னால் அந்தத் தூண், மற்ற மூன்றையும் போலவே நின்றது. அதன் பக்கத்தில் கழுவிய சட்டையோடு சுவா. காதில் பென்சில் இல்லை. அவள் கடக்கும்போது அவர் தலை குனிந்தார். கைகளை முன்னால் கோத்திருந்தார்.

பலகையை மேடையில் வைத்தாள். கோணலாக இருந்ததை விரல் நுனியால் நேராக்கினாள். ஊதுபத்தியை ஏற்றி, முதன்முதலாக எங் கியாட்டின் பெயருக்கு நேர் எதிரே நின்றாள். என்ன சொல்வதென்று பல வருஷம் யோசித்து வைத்திருந்தது ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

“மழ வரும்போல இருக்கு,” என்றாள் அவனிடம் மெதுவாக. “கூரையெல்லாம் நல்லாப் போட்டாச்சு. கவலப்படாத.”